ஏட்டைக் காட்டச் சொல்லுங்கள்

(சங்கக் கிளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், தோட்டக் கிராணியும் கிளைச் செயலாளருமான அன்பர் ஆற்றிய உரை)

 

அரசாங்க அலுவலகங்களில் இருக்கும் பத்திரங்களையும் கணக்குகளையும் பொதுமக்கள் கேட்டுப் பெறுவது எப்படி, அதனால் நமக்கு என்ன பயன் என்பதைப் பற்றி என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டவுடன், இது வக்கீல்களுக்கு உரிய விஷயம், நமக்கு என்ன வந்தது என்று சிலருக்குத் தோன்றலாம். அப்படியன்று. செக்ரோல் என்றால் என்ன என்று அறிந்த எவருக்கும் இது அறிந்த விஷயமே.

முதலில் என் குற்றம் ஒன்றைச் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

நான் கிராணி வேலைக்கு வந்த புதிது. ஒரு சம்பள நாளன்று, பால்வெட்டுக்காரப் பாட்டி ஒருவர் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போனவர், சிறிது நேரத்தில் திரும்பி வந்து என் மேசைக்கு முன் நின்றார்.

"கிராணி ஐயா, ரெண்டு நாள் கொறையுது" என்றார்.

"செக்ரோலில் இருப்பதைத்தான் போட்டிருக்கிறேன், பாட்டி. ஏடு பொய் சொல்லாது" என்றேன்.

அவர் சண்டை பிடிக்கவில்லை. "அப்போ அந்த ஏட்டைக் கொஞ்சம் காட்டுங்க ஐயா" என்றார்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியில் இருந்த ஏளனத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"எனக்குத் தெரியாது ஐயா. என் பேத்திக்குத் தெரியும்" என்றார்.

மறுநாள் அந்தப் பேத்தி வந்தாள். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் சிறுமி. கையில் ஒரு நோட்டுப் புத்தகத் தாள். பாட்டி தம் வீட்டுக் கதவுக்குப் பின்னால், சுண்ணாம்புச் சுவரில், வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கரிக்கோடு இழுத்து வைத்திருந்தாராம். மழை பெய்து வெட்டு இல்லாத நாளுக்கு ஒரு சுழி. அதை அப்படியே தேதி போட்டு எழுதி வந்திருந்தாள். தாளையும் செக்ரோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டு நாட்களில், பாட்டிக்கு நேராகப் போட வேண்டிய குறியை, அடுத்த வரியில் இருந்த பெயருக்கு நேராக நான் போட்டிருந்தேன். அந்த அடுத்த பெயர்க்காரர் அவ்விரு நாட்களும் ஊரிலேயே இல்லை! தவறு என்னுடையது. இரண்டு நாள் கூலியும் பாட்டிக்குக் கிடைத்தது.

தோழர்களே, அந்தப் பாட்டி செய்ததைக் கவனியுங்கள். "ஏழை ஐயா, ரெண்டு நாள் சம்பளம் போட்டுக் கொடுங்க" என்று அவர் கெஞ்சவில்லை. "கிராணி திருடிவிட்டான்" என்று தூற்றவும் இல்லை. கெஞ்சியிருந்தால் நான் இரக்கப்பட்டு ஐந்து வெள்ளி கொடுத்து அனுப்பியிருப்பேன். தூற்றியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அவர் ஏட்டைக் காட்டச் சொன்னார். தம் கையில் தம் கணக்கை வைத்துக்கொண்டு காட்டச் சொன்னார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

இதைத்தான் இன்று பேசப் போகிறேன். தோட்டத்துக் கிராணிக்குப் பொருந்துவது ஊராட்சி மன்றத்து அதிகாரிக்கும் பொருந்தும். சாலை போட்டோம் என்கிறார்கள். சாக்கடை கட்டினோம் என்கிறார்கள். விளக்குப் போட்டோம் என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் எங்கோ ஓர் ஏடு இருக்கிறது. அதைப் பார்க்கிறவர் இல்லாதவரை அதில் குறி எந்த வரிக்கு நேராக விழுந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இந்நாட்டில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. முற்காலத்தில் ஊராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் இருந்தது. 1965இல் அது நிறுத்தி வைக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் வந்தபோது, மன்ற உறுப்பினர்களை மாநில அரசாங்கம் நியமிக்கும் முறையே நிலைபெற்றது. வேலை செய்யாத உறுப்பினரை ஓட்டுப் போட்டு இறக்கும் வழி போன பிறகு, அவரிடம் கணக்குக் கேட்கும் வழியையாவது நாம் கைவிடலாமா?

கணக்குக் கேட்டுத் தொழிலாளிகள் ஒரு தேசத்தின் சட்டத்தையே மாற்றிய வரலாறு ஒன்று உண்டு. நம்மைப் போன்ற கூலித் தொழிலாளிகளின் கதை அது.

இந்தியாவில் ராஜஸ்தான் என்பது வறண்ட மாநிலம். அங்கே பஞ்ச காலத்தில் அரசாங்கம் நிவாரண வேலை நடத்தும். குளம் வெட்டுவார்கள், சாலைக்குக் கல் உடைப்பார்கள். சட்டப்படி குறைந்தபட்சக் கூலி இவ்வளவு என்று இருக்கும். கைக்கு வருவது அதைவிடக் குறைவாக இருக்கும். கேட்டால், "நீங்கள் செய்த வேலை அவ்வளவுதான், ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்பார்கள். ஏட்டைக் காட்டு என்றால், அது அரசாங்க ரகசியம் என்பார்கள்.

1990ஆம் ஆண்டு மே தினத்தன்று அங்கே தொழிலாளிகளும் சிறு விவசாயிகளும் சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அரசாங்கத்தின் பெரிய உத்தியோகத்தை விட்டு வந்த அருணா ராய் அம்மையாரும், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோரும் அவர்களோடு நின்றார்கள். கூலி குறைகிறதே என்று கேட்கப் போனவர்கள், கூலியின் வேர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது என்று கண்டுகொண்டார்கள். நம்முடைய செக்ரோல்தான் அங்கே மஸ்டர் ரோல்.

1994ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கோட் கிரானா என்ற கிராமத்தில் ஒரு பொது விசாரணைக் கூட்டம் வைத்தார்கள். கிடைத்த ஏடுகளின் நகலை ஊர் கூடியிருக்க உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி எழுதியிருந்தது வெளிவந்தது. கட்டாத கட்டிடத்துக்குப் பணம் எழுதியிருந்தது வெளிவந்தது. படிப்பறியாத மக்கள்தான் சாட்சிகள். கட்டிடம் எங்கே இருக்கிறது, இல்லை என்பதை அறிய எழுத்தறிவா வேண்டும்? ஏட்டில் இருப்பதை ஒருவர் படித்தால் போதும். பொய் எது என்று ஊர் சொல்லிவிடும்.

1996இல் பியாவர் நகரத்தில் 40 நாட்கள் மறியல் இருந்தார்கள். கூலி உயர்வு கேட்டன்று. ஏடுகளின் நகல் கேட்டு! "நம் பணம், நம் கணக்கு" என்பது அவர்கள் முழக்கம். தமிழ்நாடு 1997இல் தகவல் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. ராஜஸ்தான் 2000இல் இயற்றியது. 2005இல் இந்தியா முழுமைக்குமான சட்டம் வந்தது. 10 ரூபாய் கட்டணம் கட்டி எந்தக் குடிமகனும் அரசாங்கப் பத்திரத்தைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டம் விதித்தது.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். இங்கே 1972ஆம் ஆண்டு அரசாங்க ரகசியச் சட்டம் நெடுங்காலமாக இருக்கிறது. 1986இல் அதைத் திருத்தி, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் ஓராண்டுக்குக் குறையாத சிறை என்று கடுமையாக்கினார்கள். இந்தச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த அதிகாரிகளுக்கு, எந்தத் தாளைக் கேட்டாலும் "அது ரகசியம்" என்று சொல்வதே பழக்கமாகிவிட்டது. ஆனால், சாக்கடைக் கணக்கு எப்படி ரகசியமாகும்?

இந்த நிலையில் இரண்டு மாநிலங்கள் முன்வந்து தகவல் சுதந்திரச் சட்டம் இயற்றின. சிலாங்கூர்ச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றியது; பினாங்குச் சட்டமன்றமும் நிறைவேற்றியது. மாநில இலாகாக்களும் ஊராட்சி மன்றங்களும் அதில் அடங்கும். மனுக்களைப் பெற்றுக்கொள்ளத் தகவல் அதிகாரி உண்டு. மறுத்தால் மேல்முறையீடு உண்டு. சிலாங்கூரில் அதற்கு மாநிலத் தகவல் வாரியம் என்று பெயர். நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் கொண்டுவரக் கூட்டரசு அமைச்சரவை 2023இல் கொள்கையளவில் இணங்கியது.

இது சும்மா ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு நம் அனுபவத்தையே சொல்கிறேன்.

நம் தோட்ட வாசலிலிருந்து தமிழ்ப்பள்ளிக்குப் போகும் சாலை உங்களுக்குத் தெரியும். மழை பெய்தால் பிள்ளைகள் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். தேங்கிய நீரில் கொசு. லயத்துப் பிள்ளை ஒன்றுக்கு டிங்கிக் காய்ச்சல் கண்டு, அரசாங்க மருத்துவமனையில் கிடந்து பிழைத்தது. நாம் மூன்று மகஜர் கொடுத்தோம். "ஆவன செய்யப்படும்" என்று ஒரு பதில். "அது தோட்டத்து நிலம், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று ஒரு பதில். மூன்றாவது மகஜருக்குப் பதிலே இல்லை.

நான்காவது முறை நாம் மகஜர் எழுதவில்லை. "சாக்கடை கட்டித் தாருங்கள்" என்று ஒரு வார்த்தையும் எழுதவில்லை. "இன்ன சாலையில், இன்ன இரண்டு ஆண்டுகளில் செய்யப்பட்ட சாக்கடை வேலைகளின் வேலை உத்தரவு, அளவுக் குறிப்பு, பணம் கொடுத்த சீட்டு ஆகியவற்றின் நகல் வேண்டும்" என்று மட்டும் எழுதினோம். முகப்பில் இருந்தவர் படித்துப் பார்த்தார். "இதெல்லாம் எதற்கு உங்களுக்கு?" என்றார். "எங்கள் பிள்ளைகள் நடக்கும் சாலை ஐயா" என்றார் நம்மோடு வந்த பால்வெட்டுக்காரத் தாய். மனுவைப் பெற்றுக்கொண்டு முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

முதலில் மறுப்பு வந்தது. மேல்முறையீடு செய்வோம் என்று எழுதிய பிறகு இரண்டு தாள்கள் வந்தன. அவற்றைப் பார்த்துத்தான் நமக்கே வியப்பு. அந்தச் சாலையில் 180 மீட்டர் சாக்கடை கட்டி முடிந்ததாகவும், பணமும் கொடுத்தாகிவிட்டதாகவும் அதில் இருந்தது. சம்பந்தமில்லாத நிலம் என்றார்களே, அதற்குள் வேலை நடந்து, முடிந்து, பணமும் போய்விட்டதா?

ஞாயிற்றுக்கிழமை நாம் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனோம். வெட்டுமரத்து நிரையை அளந்து பழகிய கைகள் அளந்தன. பழைய சாக்கடை, புதிய சாக்கடை எல்லாம் சேர்த்து 110 மீட்டருக்குமேல் ஓர் அடியும் இல்லை. அளந்ததை எழுதி, 14 பேர் கையெழுத்திட்டு, அந்த இரண்டு தாள்களின் நகலையும் இணைத்து மன்றத்துக்கு அனுப்பினோம். ஆறு வாரத்தில் குத்தகைக்காரர் ஆட்களோடு வந்தார். மீதிச் சாக்கடை கட்டப்பட்டது. யார் தவறு, யார் தண்டிக்கப்பட்டார்கள் என்பது நமக்குத் தெரிவிக்கப்படவில்லை. அதையும் கேட்டிருக்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் என்னை மானேஜர் கூப்பிட்டு, "கிராணிக்கு மன்றத்து விஷயத்தில் என்ன வேலை?" என்று கேட்டார். மனுவில் கையெழுத்திட்ட ஒரு தோழரை, கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள் என்று யாரோ வீடு தேடி வந்து சொன்னார்கள். அவர் இரண்டு இரவு தூங்கவில்லை. ஆகையால் சொல்கிறேன்: இந்த வேலையை ஒருவர் தனியே செய்யக்கூடாது. ஒரு கையெழுத்தை மிரட்டலாம். 14 கையெழுத்தை மிரட்டுவது எளிதன்று. சங்கம் இருப்பது எதற்கு?

இனி, மனு எழுதும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிராணிமார்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

முதலாவது, பத்திரத்தைக் கேளுங்கள், அபிப்பிராயத்தைக் கேட்காதீர்கள். "ஏன் சாலை மோசமாக இருக்கிறது?" என்று கேட்டால் கதை வரும். "இன்ன தேதி வேலை உத்தரவின் நகல்" என்று கேட்டால், இருக்கிறது அல்லது இல்லை என்று சொல்லியே தீர வேண்டும். இல்லை என்பதும் ஒரு பதில்தான். பணம் கொடுத்துவிட்டு உத்தரவு இல்லை என்றால், அது எவ்வளவு பெரிய பதில்!

இரண்டாவது, ஒரு மனுவில் ஒரு விஷயம். இடம், ஆண்டு, வேலையின் பெயர் மூன்றும் தெளிவாக இருக்கட்டும். சாலை, விளக்கு, மைதானம் எல்லாவற்றையும் ஒரே தாளில் கலந்தால், எதற்கும் பதில் சொல்லாமல் தட்டிக்கழிக்க வசதியாகப் போய்விடும்.

மூன்றாவது, மலாய் மொழியில் எழுதுங்கள். என்னைப் போலத் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, பெரிய மலாய்க் கடிதம் எழுதக் கூசுகிறவர்கள் இருக்கலாம். அலங்காரம் வேண்டாம். நாம் தினந்தோறும் அலுவலகத்தில் எழுதும் மலாய் போதும்.

நான்காவது, காரணம். சிலாங்கூர்ச் சட்டப்படி எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும். சொன்ன காரணத்துக்கு மாறாகத் தகவலைப் பயன்படுத்தினால் தண்டனையும் உண்டு. ஆகவே உண்மைக் காரணத்தை, விட்டுப்போகாமல் எழுதுங்கள். ஊர்க் கூட்டத்தில் படிக்கப் போகிறீர்களா, சங்கப் பத்திரிகையில் போடப் போகிறீர்களா, அதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். கேட்கும் உரிமையே காரணமாகப் போதாதா என்றால், போதும் என்பதே என் கருத்து. சட்டத்தை மாற்றப் போராடுவோம். ஆனால் மாறும்வரை நம் தோழர் ஒருவரைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடாது.

ஐந்தாவது, முத்திரை. மனுவின் நகலில் பெற்றுக்கொண்ட தேதியும் முத்திரையும் இல்லாமல் அலுவலகத்தை விட்டு நகராதீர்கள். பதில் சொல்ல எத்தனை நாள் கெடு என்று அங்கேயே கேட்டு, அந்த நகலின் மேல் எழுதிக்கொள்ளுங்கள். கெடு முடிந்த மறுநாளே அடுத்த கடிதம் போக வேண்டும்.

ஆறாவது, பதில் வந்தால் பெட்டியில் பூட்டாதீர்கள். லயத்தில் கூட்டம் போட்டுத் தமிழில் படியுங்கள். சாலையில் நடக்கிறவருக்குத்தான் சாலையின் உண்மை தெரியும்.

மனுவே போடாமல் பார்க்கக்கூடிய ஏடுகளும் உண்டு. நிலப் பதிவேடு அவற்றில் முக்கியமானது. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி, கட்டணம் கட்டி எவரும் நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடிப் பார்க்கலாம். நிலம் யார் பெயரில் இருக்கிறது, அடமானம் உண்டா, எதற்காகக் கொடுத்த நிலம் என்பதெல்லாம் அதில் இருக்கும். தோட்டம் கைமாறிய செய்தியைத் தொழிலாளி கடைசி ஆளாக, வீட்டைக் காலி செய் என்ற நோட்டீசு வரும்போது அறிந்த காலம் எத்தனை தோட்டங்களில்! துண்டாடலின் துயரத்தைக் கண்டுதான் 1960இல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நம் பள்ளி நிற்கும் நிலம், நம் கோயில் நிற்கும் நிலம், நம் சுடுகாடு இருக்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதை, புல்டோசர் வருவதற்கு முன்பே தேடிப் பார்த்து வைப்பது நம் கடமையல்லவா?

1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது என்கிறது. மன்றம் தீர்மானம் போட்டு மூடினாலன்றி யாரும் போய் உட்காரலாம். தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கையும் வெளியிடப்படுகிறது. இவற்றை யாரும் நமக்கு மறைக்கவில்லை. நாம்தான் போய்ப் பார்க்கவில்லை.

ஆனாலும் இந்த வழி எப்போதும் வெற்றி தரும் என்று சொல்லி உங்களை நான் ஏமாற்ற மாட்டேன். மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் நடத்திய வழக்கைப் பாருங்கள். 2006இல் சிலாங்கூரில் தண்ணீர்க் கட்டணம் 15 விழுக்காடு ஏறியது. ஏன் ஏறியது என்று காட்டும் கணக்காய்வு அறிக்கையையும், தண்ணீர்க் கம்பெனியோடு செய்த ஒப்பந்தத்தையும் காட்டுங்கள் என்று காங்கிரஸ் கேட்டது. அமைச்சு மறுத்தது. 2010இல் உயர் நீதிமன்றம் காட்டச் சொன்னது; 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம், ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவர் என்று காட்டினால் வழக்குத் தொடுக்கும் தகுதி உண்டு என்ற நெறியை வகுத்தது. தண்ணீர்க் கட்டணம் கட்டும் தொழிலாளிக்காகத் தொழிற்சங்கம் பத்திரத்தைக் கேட்டுப் பல ஆண்டுகள் கோர்ட்டுப் படி ஏறியது. அவ்வளவு நீண்ட பாதை எல்லோருக்கும் இயலாது. அதனால்தான் சாக்கடை, விளக்கு, பள்ளிச் சாலை என்று சிறியவற்றிலிருந்து தொடங்குவோம் என்கிறேன். சிறிய கணக்கைக் கேட்டுப் பழகிய வாய்தான் பெரிய கணக்கைக் கேட்கும்.

கடைசியாக ஒன்று. பிறரிடம் கணக்குக் கேட்கிறவன் தன் கணக்கைக் காட்டத் தயாராக இருக்க வேண்டும். பாட்டி என்னிடம் கேட்ட நாளிலிருந்து, ஒவ்வொரு வாரமும் செக்ரோலை லயத்துக்கு எடுத்துப் போய் ஒவ்வொருவர் பெயராகப் படித்துக் காட்டுகிறேன். வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த தோழர்களுக்கும் அவர்கள் பெயரைப் படித்துக் காட்டுகிறேன். அவர்கள் கூலியும் அதே ஏட்டில்தான் இருக்கிறது. அதனால் என் வேலை கூடவில்லை, தகராறுதான் குறைந்தது. நம் கிளையின் இவ்வாண்டு வரவு செலவுப் புத்தகம் இதோ இந்த மேசைமேல் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் புரட்டிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் என்னைக் கேளுங்கள். கேட்பதற்குக் கூசாதீர்கள்.

அடுத்த மாத முதல் ஞாயிறு, பெரட்டுக் களத்துக் கொட்டகையில் இரண்டு மனுக்கள் எழுதப் போகிறோம். ஒன்று, தமிழ்ப்பள்ளி நிலத்தின் பட்டாத் தேடல். மற்றொன்று, சாலை விளக்குகளின் பராமரிப்புக் கணக்கு. எழுதத் தெரிந்தவர்கள் பேனாவோடு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் எத்தனை விளக்கு, எத்தனை நாளாக எரியவில்லை என்ற கணக்கோடு வாருங்கள். சுவரில் கரிக்கோடு போட்டிருந்தாலும் போதும்.